மாமரத்தடியில் நிற்கும் கேம்பர் வண்டி, கூரையெல்லாம் பிசுபிசுப்பு

கேள்வி:
பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்ன அடுப்படி, மேலே இரண்டு சோலார் பேனல் என்று கேம்பராக மாற்றி வைத்திருக்கிறோம். வருடத்தில் நாலைந்து முறைதான் வெளியே போகும், மற்ற நாளெல்லாம் வீட்டு மாமரத்தடியில்தான் நிற்கிறது. மரம் பூ விட்டதிலிருந்து கூரை, கண்ணாடி, பேனல் எல்லாம் பாகு தடவியது போல ஒட்டுகிறது, அதன்மேல் புழுதி, எறும்பு, இப்போது கரி பூசியது போலக் கறுப்பும் படிகிறது. இது மரத்துப் பிசின்தானே? அப்பா வைத்த மரம், வெட்ட மனமில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா?

பதில் 1:
பிசின் இல்லைங்க. பூங்கொத்தில் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிக் கழிக்கிற சர்க்கரை நீர் அது. கிளையைத் தட்டிப் பாருங்கள், குட்டிக் குட்டியாகத் துள்ளிப் பறக்கும். கறுப்பு, அந்தச் சர்க்கரையில் வளரும் கரும்பூசணம். வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரையும். வெயில் ஏறும் முன் ஈரத்துணியை விரித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். காய்ந்தபடியே தேய்த்தால் அந்தப் புழுதியே பெயின்ட்டைக் கீறிவிடும். பூ உதிரும்வரை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்ததும் வேக்ஸ் போட்டால் அடுத்த முறை சுலபமாக வரும்.

பதில் 2:
தார்ப்பாயை வண்டிமேல் நேரடியாகப் போடாதீர்கள். நான் போட்டேன், காற்றில் உரசி உரசி ஓரமெல்லாம் பெயின்ட் மங்கி, உள்ளே ஈரம் தங்கி ஜன்னல் ரப்பரில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாலு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு, கூரைக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டுச் சரிவாகக் கட்டுங்கள். பச்சை நிழல்வலை உதவாது, துளி கீழே இறங்கும். நிஜமான பிசின் சொட்டியிருந்தால் தண்ணீருக்குப் போகாது, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கலாம். ஆனால் ஜன்னல் அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்) என்றால் அதில் படவே கூடாது, மயிரிழை போல வெடிப்பு விழும்.

பதில் 3:
மரத்தையும் பாருங்கள் சார். மொட்டு விடும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடிமரத்துப் பட்டை இடுக்கிலும் படும்படி தெளிக்க வேண்டும், பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். பூ முழுசாக விரிந்த பிறகு தெளிக்க வேண்டாம், மகரந்தம் சேர்க்க வரும் ஈ, தேனீ எல்லாம் பாவம். காய் பறித்ததும் உள்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள், அடர்ந்த மரத்தில்தான் இது அதிகம்.

கேட்டவர்:
கிளையைத் தட்டினேன், முகத்திலேயே வந்து மோதின! இன்று பேனலை மட்டும் கழுவினேன், பளிச்சென்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பைப் வாங்கப் போகிறேன். ஜன்னல் அக்ரிலிக்தான், நல்லவேளை சொன்னீர்கள்.