தாத்தா பேருக்கு வந்த சலான்

வாட்ஸ்அப் குழு: அம்பை வீடு 🏡

ராஜி: அத்தை வச்சிருக்க மாமா நம்பருக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கு. ஏதோ சலானாம் 500 ரூபாயாம். போட்டோ எடுத்து போடுறேன் என்னனு பாருங்க யாராச்சும்

ராஜி: 📷 படம்

செல்வி: ஐயோ மதினி அத தொட்டுராதீங்க. எங்க ஃப்ளாட்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆர்டிஓ சலான்னு ஏபிகேங்குற ஆப் ஃபைலு ஒண்ணு வந்து, அமுக்குனாரு, பேங்க்ல இருந்தது பூரா போயிட்டு

கார்த்தி: அம்மா அது வாட்ஸாப்ல வர்ற ஃபைலு. இது எஸ்எம்எஸ்

செல்வி: எல்லாம் ஒண்ணுதான்

பிரியா: லிங்க்க யாரும் தொடாதீங்க. நான் கவர்மென்ட்டோட பரிவாகன் சைட்டுக்கு நேரா போய் பாத்துட்டேன், ஜிஓவி டாட் இன்னு முடியுமே அது. ஒரிஜினல் சலான்தான். நோ என்ட்ரி, மயிலாப்பூர், 11ஆம் தேதி சாயங்காலம் 5.20

கணேசன்: எந்த வண்டி

பிரியா: தாத்தா ஆல்ட்டோ

அருண் லண்டன்: தாத்தா நோ என்ட்ரில போயிட்டாரா 😂😂

ராஜி: அருண், ஆச்சி குரூப்ல இருக்காங்க

அருண் லண்டன்: சாரி ஆச்சி 🙏

முத்துசாமி: அப்பா ஆஸ்பத்திரி பக்கம் ஹாரன் கூட அடிக்க மாட்டாங்க. போய்ச் சேந்த பிறகு அவங்க பேருக்கு இது

கணேசன்: 11ஆம் தேதி யாரு ஓட்டுனது

கணேசன்: கேட்டேன்லா

கார்த்தி: நான்தான் மாமா. அத்தைய வளையல் எடுக்க கூட்டிட்டு போனேன்ல அன்னிக்கி

செல்வி: அதான. அவன் ஒண்ணும் ஊர் சுத்த எடுத்துட்டு போகல, உங்க வீட்டு வளைகாப்பு வேலைக்குத்தான் போனான்

கணேசன்: நான் ஒண்ணும் சொல்லலையே

செல்வி: சொல்லல. கேட்டீங்க

ராஜி: வளையல்னதும் ஞாபகம் வருது, பச்சையும் சிவப்பும் பத்தலனு நெனைக்கேன். எத்தன பேரு வாராங்கனு சின்ன மதினி இன்னும் சொல்லல

கார்த்தி: நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. அங்க மெட்ரோ வேலைக்காக வழிய மாத்தி மாத்தி விடுதாங்க, போன வாரம் போன ரோட்டுல இந்த வாரம் போக முடியாது. திருப்பத்துல ஒரே கம்பத்துல ரெண்டு போர்டு மாமா. மேல நீல வட்டத்துல இடதுபக்கம் திரும்புனு அம்புக்குறி, அது பழசு, எடுக்காம விட்டுருக்காங்க. அதுக்கு கீழ புதுசா நோ என்ட்ரி. அதுக்கும் கீழ சின்னதா ஒரு தகடு, அதுலதான் எந்த நேரத்துக்குனு இருக்கும் போல, அது மேல மூலம் பௌத்திரம் போஸ்டர் ஒட்டி வச்சுருக்காங்க. போதாததுக்கு நோ என்ட்ரிய கட்டுக்கம்பி போட்டு கட்டிருக்கு, அது காத்துல திரும்பி டீக்கடைய பாத்துட்டு நிக்குது. எனக்கு முன்னாடி ரெண்டு ஆட்டோ போச்சு, பின்னாடியே நானும் போனேன். உள்ள பத்தடில போலீஸ்காரர் ஒருத்தர் மெஷினோட நின்னாரு, வண்டிய போட்டோ எடுத்தாரு, நிறுத்தக்கூட இல்ல

கார்த்தி: இன்னிக்கி ஆபீஸ் போறப்ப இறங்கி எடுத்தது 👇

கார்த்தி: 📷 படம் 📷 படம்

ராஜி: ஆமா நானும் பாத்தேன். மூலம்னு பெருசா மஞ்சள்ல இருந்துச்சு

அருண் லண்டன்: பெரியம்மாதான் முதல் சாட்சி

முத்துசாமி: கார்த்தி படத்த பெருசு பண்ணி பாத்தேன். எல்லாரும் கவனமா படிங்க, நெடுஞ்சாலைத்துறைல இத்தன வருஷம் குப்ப கொட்டிருக்கேன் அதனால சொல்லுதேன். ரோட்டு போர்டு மூணு வகை. முக்கோணம் எச்சரிக்கை. செவ்வகம் தகவல், ஊர் பேரு ஆஸ்பத்திரி பெட்ரோல் பங்க் அந்த மாதிரி. வட்டம்னா கட்டளை, மீறுனாதான் அபராதம். நோ என்ட்ரியும் வட்டம், நீலத்துல வெள்ளை அம்புக்குறியும் வட்டம். அந்த நீல போர்டு இடதுபக்கம் போகலாம்னு சொல்லல, இடதுபக்கம்தான் போகணும்னு சொல்லுது. அப்ப ஒரே கம்பத்துல ஒண்ணு போங்குது ஒண்ணு போகாதங்குது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 119வது பிரிவு கட்டளை போர்டு சொல்றபடி ஓட்டணும்ங்குது. எந்த போர்டு சொல்றபடி? இவன் நீல போர்டுக்கு கட்டுப்பட்டுத்தான் போயிருக்கான்!! அடுத்தது 116வது பிரிவு, போர்ட மறைக்கிற விளம்பரத்த எடுத்துப் போடுற அதிகாரத்த எஸ்பிக்கு குறையாத போலீஸ் அதிகாரிக்கு அரசு குடுக்கலாம். பத்தடி தள்ளி நின்னவரு மேலிடத்துல ஒரு வார்த்த சொல்லிருந்தா சோலி முடிஞ்சிது. மீதி அப்புறம் டைப் பண்ணுதேன்

கணேசன்: 👍

செல்வி: சின்னண்ணன் வக்கீலுக்கு படிச்சிருக்கலாம்

அருண் லண்டன்: அப்பா இங்கயும் இதே கதைதான். போர்டு தெளிவா இல்லனா ட்ரிப்யூனல் போலாம், அப்பீலுக்கு காசு கிடையாது. ஆனா 14 நாள்ல கட்டுனா பாதிதான்னு ஆசை காட்டுவாங்க, அதுலயே நெறய பேரு கட்டிருவாங்க

முத்துசாமி: நான் நம்மூரு சட்டம் பேசிட்டு இருக்கேன்

அருண் லண்டன்: ஓகே ஓகே

முத்துசாமி: விட்ட இடத்துல இருந்து. 2021ல மத்திய மோட்டார் வாகன விதில 167ஏன்னு ஒண்ணு சேத்தாங்க. கேமராவ வச்சு பிடிக்கிற இடத்துல முன்னாலயே எச்சரிக்கை போர்டு கண்ணுல படுற மாதிரி வைக்கணும், ஸ்டாப் லைன் எல்லாம் போட்டிருக்கணும். அதையும் மனுல சேப்போம்

பிரியா: சித்தப்பா அத சேக்காதீங்க. இது ஆளு கைல வச்சிருந்த மெஷின். அதுக்கும் பொருந்துமா பொருந்தாதானு அவங்க வாதம் பண்ண ஆரம்பிச்சா நம்ம நல்ல பாயிண்டும் சேந்து அடிபடும். ரெண்டு போர்டு, மறைச்ச தகடு. அது போதும்

முத்துசாமி: நீ சொன்னா சரிம்மா

பிரியா: சைட்லயே குறை சொல்ல இடம் இருக்கு, போட்டோ ஏத்தலாம். ஏத்துக்கலனா கோர்ட்டுக்கு போகலாம். ஆனா சிக்கல் அதுல இல்ல

கணேசன்: வேற என்ன

பிரியா: சலான் தாத்தா பேர்ல இருக்கு. மனுல யார் கையெழுத்து போடறது

பிரியா: ஓனர் தவறிட்டா 30 நாளுக்குள்ள ஆர்டிஓக்கு தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 போட்டு பேர் மாத்தணும் அப்பா. தாத்தா காரியத்தன்னிக்கே சொன்னேன்

செல்வி: 🙂

கணேசன்: அதுக்கு வாரிசு சான்றிதழ் வேணும்னாங்க

பிரியா: அது வந்து பீரோல இருக்கு

முத்துசாமி: அண்ணே மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லனு எழுதிக் குடுக்கணும்லா, நான் எப்பவோ போட்டு குடுத்துட்டேன்

செல்வி: என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டா போடமாட்டேனா. அப்பா கடைசில அந்த வண்டி செல்விக்கு ஆகும்னு சொன்னது மதினிக்கும் தெரியும், நான் வாய தொறந்தேனா

ராஜி: நான் அடுப்படில இருந்தேன்

கணேசன்: இத குரூப்ல பேச வேண்டாம்

செல்வி: வேற எங்க பேசுறது, போன் பண்ணா எடுக்க மாட்டீங்க

அருண் லண்டன்: 🍿

முத்துசாமி: ஏலே அருண் போய் வேலையப் பாரு

ஆச்சி: 🎤 குரல் செய்தி

கார்த்தி: ஆச்சி என்ன சொல்றாங்க? மீட்டிங்ல இருக்கேன் கேக்க முடியாது

ராஜி: 500 ரூபாய என் பென்சன்ல இருந்து கட்டிருங்கனு சொல்றாங்க. வண்டிய வித்துரலாம்ங்கிறாங்க. கடைசில விக்கவும் வேண்டாம்ங்கிறாங்க

கார்த்தி: காசு பிரச்சனை இல்ல ஆச்சி நானே கட்டிருவேன். ஆனா கட்டுனா தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா, அதே இடத்துல திரும்ப பிடிச்சா ரெண்டாவது தடவைனு 1500 போடுவாங்க

செல்வி: ஏன்டா அந்தப் பக்கமே போகாத

கார்த்தி: ஆபீஸ் அந்தப் பக்கம்தான்மா இருக்கு

கணேசன்: சரி முதல்ல சலான் முடியட்டும். அதுக்கப்புறம் பேர் மாத்திருவோம்

பிரியா: பேர் மாத்தாம யாரு பேர்ல சலான எதுக்குறது?

கணேசன்: சலான் நிலுவைல இருந்தா ஆர்டிஓல பேர் மாத்த மாட்டாங்க, எனக்கு தெரியும்

பிரியா: அதத்தான் நானும் சொல்றேன். ஒண்ணு மாட்டி ஒண்ணு நிக்குது. அன்னிக்கே மாத்திருந்தா இன்னிக்கி பேச்சே இல்ல. இன்சூரன்ஸும் தாத்தா பேர்லதான் ஓடுது, நாளைக்கி ஒரு இடி பட்டா க்ளெய்ம்ல என்ன பாடு படப்போறோமோ

முத்துசாமி: ஓட்டுனவன் பேர்ல குடுத்துருவோம். கார்த்தி லைசன்ஸ் நம்பர் போட்டு, வாகன உரிமையாளர் காலமானார், இறப்புச் சான்றிதழ் இணைத்துள்ளேன், வண்டியை ஓட்டியது நான்னு. மனு எழுதிட்டேன் இதோ. ஐயா, மேற்படி சாலைத் திருப்பத்தில் ஒரே கம்பத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைப் பலகைகள் உள்ளன. நேரம் குறித்த பலகை விளம்பரச் சுவரொட்டியால் மறைக்கப்பட்டுள்ளது. புகைப்படங்கள் இணைப்பில். அபராதத்தை ரத்து செய்வதுடன் பழைய பலகையை அகற்றியும் உதவ வேண்டுகிறேன்

அருண் லண்டன்: சூப்பர்ப்பா 👏

பிரியா: நல்லாருக்கு சித்தப்பா. ஆனா ஓனர் இறந்துட்டாருனு நாமளே எழுத்துல குடுத்தா, ஏன் இன்னும் பேர் மாத்தலனு கேப்பாங்க

முத்துசாமி: கேக்கட்டும்

கணேசன்: கேட்டா என்னையத்தான் கேப்பாங்க

கார்த்தி: அப்ப இன்னிக்கி நைட்டு போட்டுறவா வேண்டாமா

ராஜி: சமையல்காரரு லைன்ல இருக்காரு. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல், அப்புறம் ரெண்டு என்னனு கேக்காரு

செல்வி: கல்கண்டு சாதம் மதினி

முத்துசாமி: எள்ளு சாதம் போடுவோம்

ராஜி: வளைகாப்புக்கு யாராச்சும் எள்ளு போடுவாங்களா தம்பி

கார்த்தி: மனு??

கணேசன்: 👍

செல்வி: அண்ணே கட்டைவிரல் எதுக்கு, மனுவுக்கா, பேர் மாத்துறதுக்கா, கல்கண்டு சாதத்துக்கா

கணேசன்: ஞாயித்துக்கிழம எல்லாரும் வீட்டுக்கு வாங்க பேசிக்கிடலாம்

செல்வி: ஞாயித்துக்கிழம கார்த்திக்கி லீவு இல்ல. வண்டியும் உங்ககிட்டதான இருக்கு, நாங்க எதுல வர