கண்ணாடிக் கலன்களை ஆற்றும் உலை: உதவி வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். புனேயில் ஆய்வகக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் போரோசிலிகேட் எனும் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாய்களைச் சுடரில் உருக்கி ஊதப் பழகிய நான், கணவரின் பணி மாற்றத்தால் வெனிஸில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தபோது, தீ விபத்துக்கு அஞ்சி 1291ஆம் ஆண்டில் நகரின் கண்ணாடி உலைகள் மாற்றப்பட்ட முரானோ தீவில், சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியைக் கையாளவும் கற்றேன். ஊர் மாறியபோது கண்ணாடியும் மாறியதால், கையையும் மூச்சையும் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

இப்போது கோவையில் குடியேறியிருக்கிறோம். முரானோ கண்ணாடி வெப்பத்தில் போரோசிலிகேட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவடையும் என்பதால், இரண்டையும் ஒன்றாக ஒட்டுவதில்லை. ஆயினும் தனித்தனியே செய்த குவளைகளும் மறுநாள் காலையில் விரிசல் விட்டுக் கிடப்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. மின்னுலை இல்லாமல் வெர்மிகுலைட் எனும், வெப்பத்தை எளிதில் கடத்தாத கனிமத் துகள்களில் புதைத்து ஆற்றுவதே காரணம் என்று நினைக்கிறேன்; சிறு மணிகளுக்குப் போதுமான அந்த முறை, அடி தடித்த குவளைகளுக்குப் போதவில்லை.

போரோசிலிகேட்டை ஏறத்தாழ 560 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, பின்னர் மெல்லக் குளிர்விக்கும் உலையை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் பட்டறை கோவை, திருப்பூர் பகுதிகளில் இருந்தால் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். மட்பாண்ட மின்னுலை வைத்திருப்பவர்களும் எழுதலாம். வெப்பம் இறங்கும் வேகத்தை அதில் எவ்வாறு கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதே நான் முதலில் அறிய விரும்புவது.