தத்துக் கொடுக்கும் முன் வீட்டைச் சோதிப்பது: தேவையா, அவமதிப்பா?

தாழ்வாரம் எழுதியது:

மீட்கப்பட்ட நாய் ஒன்றைத் தத்தெடுக்க விண்ணப்பித்து மறுக்கப்பட்டவள் நான். வாடகை வீட்டில் இருக்கிறேன், பகலில் எட்டு மணி நேரம் வேலைக்குப் போகிறேன் என்பவைதாம் காரணங்கள். அதற்கு முன் ஒன்பது பக்கப் படிவத்தை நிரப்பினேன், சன்னல்களைப் படம் பிடித்து அனுப்பினேன், வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கினேன், முன்பின் அறியாத இருவர் வந்து சமையலறை வரை பார்த்துவிட்டுப் போகவும் இணங்கினேன். இத்தனைக்கும் பிறகு ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. காப்பகத்தில் இடமில்லை என்று ஒரு பக்கம் புலம்பிக்கொண்டே, வாசலுக்கு வந்தவரைக் குற்றவாளியைப் போல விசாரித்து அனுப்புவது என்ன நியாயம்? திருப்பி அனுப்பப்பட்டவர் ஆசையை விட்டுவிடுவதில்லை. எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்ளும் விற்பனையாளரிடம் போய் நிற்கிறார். நானும் அப்படித்தான் போய் நின்றேன்.

மூன்றுகால்பூனை எழுதியது:

தாழ்வாரம் அவர்களுக்கு, வேலைக்குப் போகிறார் என்பதற்காக ஒருவரை மறுப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் சோதனையே கூடாது என்று நீங்கள் சொல்வீர்களானால் அங்கே உங்களோடு வர இயலவில்லை.

ஆறு ஆண்டுகளாக மீட்புப் பணியில் தன்னார்வலராக இருக்கிறேன். ஒரு முறை, பார்த்தவுடனே மனத்துக்குப் பிடித்துப்போன குடும்பம் என்பதால், வீட்டைப் பார்க்காமலேயே இரண்டு வயதுப் பெண் நாயைக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் மாலை யாரோ அழைப்புமணியை அடிக்க, கதவு திறந்தது. நாய் வெளியே பாய்ந்துவிடுமோ என்று வீட்டுக்கார அம்மா ஓடிவந்து கழுத்துப்பட்டையைப் பிடித்தார். நாயோ முன்னால் இழுக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்தது. பட்டை காதுகளின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து அவர் கையிலேயே தங்கிவிட, நாய் அவர் காலடியில் புகுந்து வெளியேறிவிட்டது. மறுநாள் அந்தப் பட்டையை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். கொக்கி பூட்டியபடியே இருந்தது. நாய் இன்றுவரை கிடைக்கவில்லை.

வந்து மூன்றே நாளான நாய்க்கு நாம் வைத்த பெயர் இன்னும் பெயரே அல்ல. அந்த வீடும் அதற்கு வீடு அல்ல. ஆகவே அது திரும்பி வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நாலு பேர் பின்னால் ஓடினால், தன்னைத் துரத்துகிறார்கள் என்று மட்டுமே அதற்குப் புரியும். பூனையின் கதை வேறு. அது இண்டு இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும், இல்லையென்றால் சன்னலில் ஏறும். கொசுவலை அடித்திருக்கிறோம் என்று தைரியமாகச் சொல்வார்கள். கொசுவுக்குப் போட்ட வலை பூனையின் நகத்துக்குத் தாங்காது. சன்னலைப் படம் கேட்டது உங்களை அவமதிப்பதற்காக அல்ல.

தாழ்வாரம் எழுதியது:

அந்த நாய்க்காக உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன நிகழ்ச்சி என் வாதத்துக்கல்லவா வலுச் சேர்க்கிறது? வீட்டை ஒருவர் வந்து பார்த்திருந்தால் சன்னலை எண்ணியிருப்பார், மாடிக் கைப்பிடியின் இடைவெளியை அளந்திருப்பார். பயந்த நாய் பின்னோக்கி நகர்ந்து பட்டையைக் கழற்றிவிடும் என்பதை அந்த அம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? மார்பையும் தோளையும் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்றையும், அதோடு சேர்த்துக் கழுத்துப்பட்டைக்குத் தனிக் கயிறு ஒன்றையும் முதல் சில வாரங்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தால் அந்த நாய் இன்று அங்கேயே இருந்திருக்கும். என் வீட்டுக்கு வந்த இருவர் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். நாய் வளர்ப்பைப் பற்றி ஒரு சொல்கூட அவர்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் தகுதியானவளா என்று மட்டுமே பார்த்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு விற்றவர், குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்றார். பல்லைப் பார்த்த மருத்துவர் ஆறு வாரத்துக்கு மேல் இராது என்றார். நான்காம் நாள் பாலைத் தொடவில்லை. அன்று இரவு வாந்தி. விடிவதற்குள் இரத்தமாகப் பேதி. அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. பார்வோ என்றார்கள், குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய தொற்றுநோய். ஐந்து நாள் சொட்டு மருந்து ஏற்றிய பிறகு, என் அதிர்ஷ்டம், பிழைத்துக்கொண்டது. விற்றவர் அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. எதையும் கேட்காதவர் எதையும் சொல்லவும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை எனக்கு எதிரான சான்றாக நீங்கள் எடுத்துக்கொண்டாலும் சரி.

வெள்ளெருக்கு எழுதியது:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். கைமாறும் விலங்கின் உடம்பைப் பற்றி இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது.

பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும், உயிரோடு கிடக்கும். வழக்கமாக வீட்டைத் துடைக்கும் கரைசல்களில் பலவற்றுக்கு அது சாகாது. நீர் கலந்த பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும். குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிக்காத இன்னொரு குட்டியை அடுத்த மாதமே கொண்டுபோகாதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான். தடுப்பூசியும் ஒரே ஊசியோடு முடிவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் இருக்கும் வரை அதுவே ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும் வரை போடுகிறோம். வீட்டில் ஏற்கெனவே விலங்கு இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனி அறையில், தனித் தட்டில் வைத்திருங்கள். பழையதைக் கவனித்த பிறகே புதியதன் அறைக்குள் போங்கள்.

எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட நாயைக் கண்டால் வயிறு நிறையப் போடத்தான் கை வரும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று உணவு நிறைந்தால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து உயிரே போகக்கூடும். கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் சொன்ன அளவில் கூட்டுங்கள். குளிர்ந்து கிடக்கும் பூனைக்குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால், அதுவும் மாட்டுப் பால் அல்ல. வளர்ந்த பூனை இரண்டு நாள் எதையும் தின்னாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் 'பழகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

நான் படிவம் எழுதினால், சன்னலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பேன். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு உண்ணி போக விடும் மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தவற்றைப் பூனைக்கு விட்டுவிட்டு, வலிப்போடு தூக்கிக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தாம்.

கற்குவியல் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. என் சண்டை, தத்தெடுப்பவரிடம் காப்பகம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தோடு. 'தேவை என்று நாங்கள் கருதினால் விலங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு வரி; நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் காப்பகத்தின் பெயர். உணவும் மருந்தும் என் செலவு, இரவு விழிப்பதும் நான். அப்படியானால் அது யாருடைய நாய்? நாளை உங்களில் ஒருவருக்கு என் முகம் பிடிக்காமல் போனால் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களா? மீட்புப் பணியாளர்களில் சிலர் விலங்குகளை நேசிக்கும் அளவுக்கு மனிதர்களை நம்புவதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றுகால்பூனை எழுதியது:

கோபமில்லை, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. நீர்த்தொட்டியில் கட்டிப் போட்டிருந்த நாயை அவிழ்த்துக்கொண்டு வந்த கைக்கு, அடுத்த வாரமே ஒரு மனிதரை நம்புவது எளிதில்லை.

'நாங்கள் கருதினால்' என்ற சொல் தவறு, நீக்கப்பட வேண்டும். ஆனால் திருப்பி ஏற்கும் விதியை நீக்கக் கூடாது. அது உங்களிடமிருந்து பறிப்பதற்கு அல்ல. உங்களால் முடியாமல் போகும் நாளில் வெட்கப்படாமல் வந்து ஒப்படைப்பதற்கு. திருப்பித் தருவதை நாங்கள் தோல்வி என்று பேசிப் பேசித்தான், சிலர் இரவோடு இரவாக ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு, 'ஓடிப்போய்விட்டது' என்று எங்களிடம் சொன்னார்கள்.

மைக்ரோசிப்பைப் பற்றி ஒரு திருத்தம். அரிசி மணி அளவுள்ள அந்தச் சில்லில் இருப்பது பெரும்பாலும் பதினைந்து இலக்க எண் மட்டுமே. நாய் எங்கே போகிறது என்று அது காட்டாது. யாராவது பிடித்து, கருவியை வைத்துப் படித்து, அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் தொலைபேசியை அழைத்தால்தான் பயன். தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டுப் பதிவில் மாற்றாதவர்கள் எத்தனை பேர்! உரிமையாளராக உங்கள் பெயரே இருக்கட்டும். இரண்டாவது தொடர்பாக மட்டும் எங்கள் எண்ணைச் சேர்க்கச் சம்மதிப்பீர்களா?

கற்குவியல் எழுதியது:

இரண்டாவதாக என்றால் சம்மதம். முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வருவதற்கு மட்டும் எப்போதும் சம்மதமில்லை.

தாழ்வாரம் எழுதியது:

வீட்டு உரிமையாளரின் கையெழுத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. வாடகைக்கு இருப்பவர் எல்லாரும் நாயை விட்டுவிட்டு வீடு மாறுபவர் அல்லர். நாய்க்கு இடம் தரும் வீடு கிடைக்கும் வரை மூன்று மாதம் தேடியவர்களும் இருக்கிறார்கள். மூன்றுகால்பூனை அவர்களே, உங்கள் படிவத்தில் வாசற்கதவைப் பற்றி என்ன கேட்கிறீர்கள்?

மூன்றுகால்பூனை எழுதியது:

இதுவரை 'கதவு பாதுகாப்பானதா' என்று கேட்டோம். எல்லாரும் 'ஆம்' என்றே எழுதினார்கள், அந்த அம்மா உட்பட. நேற்று மாற்றிவிட்டேன். 'உங்கள் வாசற்கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? மணி அடித்தால் முதலில் ஓடுபவர் யார்? அப்போது நாய் எங்கே இருக்கும்?'

தாழ்வாரம் எழுதியது:

வெளியே திறக்கும். முதலில் ஓடுபவள் நான்தான். நாய் என் காலுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது, இந்த நொடியிலும். கூடத்துக்கு நடுவே ஒரு தடுப்புக் கதவு வைக்க ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.