1,18,000 கிமீ ஓடிய பைக்: ஏபிஎஸ் லைட் வந்து வந்து போகிறது, நிற்கும் நேரத்தில் முன் பிரேக் உதைக்கிறது

நெடுவழி:
வணக்கம். வண்டிக்குப் பதினோரு வயது, ஓடியது 1,18,000 கிமீ. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உண்டு. இஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதனால் விற்கவும் மனம் வரவில்லை.

சிக்கல் இரண்டு. ஒன்று, ஏபிஎஸ் லைட். சாவி போட்டதும் எரியும், வண்டி நகர்ந்ததும் அணையும், அது வழக்கம்தான். இப்போது இருபது முப்பது கிமீ போன பிறகு தானாகவே மறுபடி எரிகிறது. ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். கொஞ்ச தூரத்தில் மறுபடி வரும்.

இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது. லைட் எரியாத நேரத்தில், வேகம் பத்து கிமீக்குக் குறைந்து நிற்கப்போகிற கடைசி நொடியில், முன் லீவர் விரலுக்குள் டக் டக் டக் என்று உதைக்கிறது. அந்தக் கணம் பிரேக்கே இல்லாத மாதிரி வண்டி முன்னால் நழுவுகிறது. நேற்று முன்னால் நின்ற காரின் பம்பரில் முட்டாமல் தப்பித்தது நூலிழையில். காய்ந்த தார்ச் சாலை, டயரும் நல்ல டயர்.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனர் எதுவும் மாட்டாமலே "மாடுலேட்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். ஏபிஎஸ்ஸின் பம்பும் வால்வும் சேர்ந்த பெட்டி அது. அதன் விலையைக் கேட்டதும் பேச்சு வரவில்லை. மாற்றத்தான் வேண்டுமா? ஸ்பானர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

இன்னொன்று. போன வாரம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து கியரில் ஓடவிட்டு செயினைப் பார்த்தேன். அப்போதும் லைட் எரிந்தது.

செயின்சத்தம்:
கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுங்கள் ப்ரோ. ஸ்டாண்டில் பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. ஒன்று ஓட ஒன்று நின்றால் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைக்கும். அது நல்ல வண்டியிலும் வரும். (கியரில் ஓடும்போது செயின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், விரல் போனவர்கள் இருக்கிறார்கள்.)

மற்றதற்கு முதலில் பேட்டரி. ஏபிஎஸ் பம்ப் மோட்டார் கரண்டை நிறைய இழுக்கும். வோல்ட் இறங்கினால் கம்ப்யூட்டர் தானே விலகிக்கொண்டு லைட்டைப் போட்டுவிடும். சும்மா நிற்கும்போது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது, 4000 ஆர்பிஎம்மில், இந்த மூன்றிலும் அளந்து போடுங்கள்.

மூணாவதுகியர்:
ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிப் போடுங்க, தலைவலி தீர்ந்தது. நாங்கள் எல்லாம் ஏபிஎஸ் இல்லாமல் ஓட்டவில்லையா?

பழையஸ்பானர்:
இவரைத் திட்ட வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அது நிரந்தரத் தீர்வு இல்லை, சரி. ஆனால் நெடுவழிக்கு இப்போது நடப்பது ஏபிஎஸ் வேலை செய்யாமல் போவது அல்ல, வேண்டாத நேரத்தில் வேலை செய்வது. பிரேக் பிடிக்கும்போது அது பிரஷரைத் திறந்துவிடுகிறது. அதைவிட சாதாரண பிரேக்கே மேல். கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை ஏபிஎஸ்ஸை அணைத்து வைத்து நிதானமாக ஓட்டுவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வண்டியில் பிரேக்குக்கு மின்சார உதவி உண்டா என்று மேனுவலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த சில பிஎம்டபிள்யூ மாடல்களில் சர்வோ இருந்தது. அதற்குக் கரண்ட் போனால் லீவரை முழுக்கையால் நசுக்க வேண்டியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. "கடைசி பத்து கிமீயில் மட்டும்" என்று எழுதினீர்களே, எனக்கு அதுதான் துப்பு. சக்கரத்தில் ஒரு பல் வளையம் இருக்கிறது, அதன் எதிரில் சென்சார். பழைய வண்டிகளில் அந்த சென்சார் பெரும்பாலும் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு சின்ன வோல்ட் துடிப்பு வரும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் துடிப்பும் பலவீனமாகும். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கூடினாலும் பலவீனமாகும். இரண்டும் சேர்ந்தால், நிற்கப்போகிற வேகத்தில் நாலைந்து பல் கணக்கில் வராமல் போகும். உடனே கம்ப்யூட்டர், "முன் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது" என்று முடிவு கட்டி பிரேக்கை விட்டுவிடும். பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குப் போகிற செய்திதான் பொய்.

அதனால் மாடுலேட்டரைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை (கோடு) எடுங்கள், ஸ்கேனரிலோ அல்லது சில வண்டிகளில் லைட் சிமிட்டும் கணக்கிலோ. பம்ப், வால்வு கோடு இல்லாமல் வீல் சென்சார் கோடு மட்டும் இருந்தால் வேலை சக்கரத்தில்தான். முன் சென்சாரைக் கழற்றி மூக்கைப் பாருங்கள். வயரை ஃபோர்க் ஓரமாக, ஹேண்டில் திரும்பும்போது மடங்கும் இடம் வரை விரலால் தடவிப் பாருங்கள். கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்களுடையது சுருள் வகை என்று மேனுவலில் உறுதி செய்த பிறகு மட்டும் ஓம் வைத்து அளக்கவும். ஹால் வகை (உள்ளே மின்னணுச் சில்லு இருக்கும்) சென்சாரை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது.

நெடுவழி:
அண்ணா, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

பேட்டரி: சும்மா 12.6, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.7, 4000 ஆர்பிஎம்மில் 14.1.

கோடு: நண்பரின் ஸ்கேனரில் ஒன்றே ஒன்று. "முன் சக்கர வேக சிக்னல் சீரில்லை." பம்ப் பற்றி எதுவும் இல்லை.

சென்சார்: சுருள் வகைதான். கழற்றினால் மூக்கில் தாடி வைத்த மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. 1.3 கிலோ ஓம். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பியும் எண் அசையவில்லை, அதனால் வயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

துடைத்த பிறகு ஓட்டிப் பார்த்தேன். 60 கிமீ, லைட் வரவில்லை. ஆனால் நிற்கும்போது உதைப்பது போகவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழையஸ்பானர்:
பாதி வந்துவிட்டீர்கள். பேட்டரியில் குறை இல்லை. இப்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள். முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரே இடத்தில் அளந்து திருப்தி அடையாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எட்டு இடத்திலாவது அளக்கவும். பல வண்டிகளில் இது ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் வண்டியின் எண் மேனுவலில் இருக்கும்.

எண் இடத்துக்கு இடம் மாறினால் காரணம் இரண்டில் ஒன்று. வளையம் வளைந்திருந்தால், சக்கரத்தை எப்படிப் பிடித்தாலும் அதே பல்லில் அதே எண் வரும். டயர் மாற்றும்போது லீவர் பட்டு வளைந்த வளையங்களைப் பார்த்திருக்கிறேன். ரிம்மைப் பக்கவாட்டில் தள்ளினால் எண் மாறுகிறது என்றால் பேரிங்.

நெடுவழி:
மேனுவலில் 0.5 முதல் 1.3 வரை. எனக்கு ஒரு பக்கம் 0.9, எதிர்ப்பக்கம் 1.5. ரிம்மை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கையில் ஏதோ இருக்கிற மாதிரி, இல்லாத மாதிரி. ஆனால் ஃபீலரை வைத்துக்கொண்டே தள்ளினால் 0.4 மாறுகிறது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாதது தகட்டுக்குத் தெரிகிறது!

சக்கரத்தைக் கழற்றி பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினேன். வலது பக்கம் வழுவழுவென்று போகிறது. இடது பக்கம் மணலை அரைக்கிற மாதிரி கரகர. சீலை எடுத்தால் உள்ளே கிரீஸ் இல்லை, துரு நிறத்தில் ஒரு சேறு. வாராவாரம் பிரஷர் வாஷர் வைத்துக் கழுவுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழையஸ்பானர்:
அந்தத் தண்ணீர் பீய்ச்சலை அச்சுப் பக்கம் காட்டவே கூடாது. சீல் மழைக்குத் தாங்கும், அதற்குத் தாங்காது.

இரண்டு பக்க பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பேரிங்கை உள்ளே அடிக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயை மறந்து மாட்டியவர்கள் இரண்டாம் முறையும் கழற்றுவார்கள். நான் கழற்றியிருக்கிறேன்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

நெடுவழி:
கேட்பீர்கள் என்று பயந்தேன். நான்கு வருடம். டப்பாவில் கரும்பழுப்பாக இருக்கிறது.

பழையஸ்பானர்:
ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது இன்னும் இரண்டு வருடத்தில் உண்மையாகியிருக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தரக் கணக்கே 155 டிகிரிதான். கொதிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஈரம் மாடுலேட்டருக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளை அரித்துவிடும். மாடுலேட்டர் சாவதற்கு முக்கியமான காரணம் இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன், வேறு சமாச்சாரம், ஊற்றக்கூடாது.

சாதாரணமாக ப்ளீட் செய்தால் (பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்றினால்) மாடுலேட்டருக்குள் அடைபட்ட பழைய ஆயில் முழுக்க வராது. ஸ்கேனரால் பம்பை ஓடவிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒருமுறை ப்ளீட் செய்து, ஆளில்லாத சரளை மண் பாதையில் மெதுவாகப் போய்ப் பின் பிரேக்கை மிதித்து ஏபிஎஸ்ஸை நாலைந்து முறை வேலை செய்ய வையுங்கள், பிறகு இன்னொரு முறை ப்ளீட் செய்யுங்கள். முன் பிரேக்கில் இந்த விளையாட்டு வேண்டாம், அதற்கு ஸ்கேனரே வழி.

நெடுவழி:
பேரிங் இரண்டும் சீலும் மாற்றியாயிற்று. இடைவெளி இப்போது சுற்றிலும் 0.9, ஓரிடத்தில் மட்டும் 1.0. ஆயிலை நண்பரின் ஸ்கேனர் வைத்து மாற்றினோம். வெளியே வந்ததைக் காட்டவே கூச்சமாக இருந்தது. இடையில் பிடுங்கி வைத்திருந்த ஏபிஎஸ் ஃபியூஸும் திரும்ப இடத்துக்கு வந்துவிட்டது. 640 கிமீ ஓட்டிவிட்டேன், லைட் இல்லை, உதைப்பும் இல்லை. விரல் மட்டும் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த டக் டக்குக்காகக் காத்திருக்கிறது.

ஈரத்தடம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் 90,000 தாண்டிய வண்டி, இதே லைட், ஆனால் கோடு பின் சக்கரம் என்று வருகிறது. நானும் பேரிங்கா?

பழையஸ்பானர்:
பின்பக்கம் என்றால் முதலில் செயினில் அடிக்கும் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். அது தெறித்து, தூசியோடு சேர்ந்து சென்சாரை மூடி உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெய் துணியால் துடையுங்கள், டிஸ்க்கில் படாமல். அப்புறம் ஒரு கேள்வி: பின் டயர் மாற்றிய பிறகா இது ஆரம்பித்தது? சென்சார் வயர் ஸ்விங்ஆர்முக்கும் காலிப்பர் தகட்டுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள்.

ஈரத்தடம்:
டயர் மாற்றி மூன்று நாள் ஆகிறது. இதோ கீழே போய்ப் பார்க்கிறேன்.