மழை, காற்றை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மொடல்களில் எதை நம்புவது, ஐரோப்பிய மொடலா, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ்ஸா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோப்பாய் வயல்:
தை மாதக் கடைசி. வெட்டு மெசின் வியாழன் வரலாம், தவறினால் ஞாயிறு. வியாழன் வெட்டினால் கதிரில் பாதி பச்சை. விண்டி என்ற வானிலைச் செயலியில் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் சேர்த்து ஐரோப்பிய மொடல் 6 மில்லிமீற்றர் காட்டியது, ஜிஎஃப்எஸ் 70. ஐரோப்பியம்தான் திறம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்பாவிடம் 6 என்று மட்டும் சொன்னேன். 70ஐப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்கும் ஞாயிறுதான் விருப்பம், எனக்கும் அதுதான் விருப்பம்.

சனி இரவு தொடங்கிய மழை ஞாயிறு பின்னேரம்தான் விட்டது. வயலில் தண்ணீர் வடியவில்லை. புதன் காலை அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று, சாய்ந்து கிடந்த கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை. என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

வடமராட்சிக் கரை:
எங்களுக்கு 2020 புரெவிப் புயல். புயல் போகும் பாதையைக் காட்டும் கோடு இருக்கிறதே, எல்லாரும் அதைத்தான் பார்த்தோம். ஒரு மொடல் கொஞ்சம் வடக்கே இழுக்கும், மற்றது தெற்கே. டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியது. சரி, எங்களுக்கு இல்லை என்று படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் படுத்தோம். அது மன்னார் வளைகுடாப் பக்கம் போய் நகராமல் நின்றது. மழை விட்டபாடில்லை. அம்மம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு மாமாவும் நானும் ஒழுங்கையால் போனோம். தண்ணீர் அவவின் காலில் பட்டபோது, "கடல் வந்துட்டுதோ?" என்று கேட்டா. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கோடு எங்கே போகிறது என்பது வேறு, மழை எங்கே விழும் என்பது வேறு.

திருநெல்வேலி:
கோப்பாய்த் தங்கச்சி, நீங்கள் பிழையான மொடலை நம்பவில்லை, எண்ணை நம்பினீர்கள். மொடல் நிலத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். ஐரோப்பியத்தின் கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர், ஜிஎஃப்எஸ்ஸுக்கு 13. குடாநாடே சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஒரே மழைப் பட்டையை ஒன்று தரையில் போட்டிருக்கும், மற்றது 30 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் போட்டிருக்கும். 6க்கும் 70க்கும் வித்தியாசம் சிலவேளை அவ்வளவுதான். ஊர்ப் பெயரைத் தட்டி எண்ணைப் பார்க்காமல் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மொடலைப் புதுத் தரவோடு கணினியில் ஒவ்வொரு முறை ஓட்டுவதும் ஒரு ஓட்டம். காலை 5.30 ஓட்டத்தின் ஐரோப்பியப் படம் எங்களுக்கு மத்தியானம் தாண்டித்தான் முழுதாக வரும், ஜிஎஃப்எஸ் அதற்கு முன்பே வந்துவிடும். பத்து மணிக்குப் பார்த்தால் புது ஜிஎஃப்எஸ்ஸையும் முதல் நாள் ஐரோப்பியத்தையும் ஒப்பிடுகிறீர்கள். அப்புறம், ஐரோப்பியத்தில் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 50 தடவை ஓட்டும் தொகுதி ஒன்று இருக்கிறது. அந்த 50இல் பத்து மழை காட்டினாலும் நெல் வெளியே நிற்கக் கூடாது. ஒரே மொடல் தொடர்ந்து மூன்று நான்கு ஓட்டத்தில் ஒரே கதை சொல்கிறதா என்றும் பாருங்கள்.

என் அனுபவம் சின்னது. மகளின் சாமத்தியவீட்டுப் பந்தலை ஜிஎஃப்எஸ்ஸை நம்பி முதல் நாளே கழற்றினேன். ஒரு துளி விழவில்லை.

நெடுந்தீவு:
அண்ணா, நாலு ஓட்டம் வரும்வரை காத்திருக்க எங்களுக்கு எங்கே நேரம்? மெசின்காரர் இன்று பின்னேரமே "வரவோ, விடவோ" என்று கேட்பார். நாங்கள் குறிகட்டுவான் படகுத்துறையில் நிற்கும்போதும் அப்படித்தான். சோளகக் காலத்தில் எல்லா மொடலும் ஒரே காற்றைக் காட்டிய நாளில்தான் தங்கைச்சியை வலியோடு படகில் ஏற்றினேன். நடுக்கடலில் அவள் என் கையைப் பிடித்த பிடி ஒரு கிழமை கன்றியிருந்தது. பிள்ளை சுகம், அது வேறு கதை. கோப்பாய்த் தங்கச்சியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

திருநெல்வேலி:
ஐயோ, குற்றம் சொல்லவில்லை. அடுத்த போகத்துக்காகச் சொன்னேன்.

கோப்பாய் வயல்:
அண்ணா சொன்ன பிறகு அந்த வியாழன் எடுத்து வைத்த இரண்டு மொடலின் படங்களையும் போனில் தேடினேன். இருந்தன. ஐரோப்பியத்தில் மழை இருக்கத்தான் செய்தது, கடும் பச்சையாக, பருத்தித்துறைக்கு வெளியே கடலில். இரவு அப்பா சாப்பிட வந்ததும் இரண்டு படத்தையும் காட்டப் போகிறேன்.