பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுக்குத் தனிக் கொட்டனா, கலப்பா?

கொக்குவில் அம்மா:
மூத்தவனுக்குப் பள்ளிக்கூடச் சேட் தைக்க வேண்டும். புடவைக்கடையில் இரண்டு வெள்ளைத் துணி எடுத்துப் போட்டார்கள். ஒன்று தனிக் கொட்டன் பொப்ளின், மற்றது 65 பங்கு பொலியெஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்தது. கலப்பு மலிவு, அயன் வேலையும் குறைவு என்கிறார்கள். சோழகக் காற்றும் வெயிலுமாகக் கிடக்கும் இந்த நாளில் எது நல்லது?

வலிகாமத்தான்:
அக்கா, யோசிக்கவே தேவையில்லை, கொட்டனை எடுங்கள். காய்ந்த பருத்தி 100 கிராம் சும்மா காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை உறிஞ்சி வைக்கும், பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட எடுக்காது. வியர்வை நூலுக்குள் போக வழியில்லாவிட்டால் பிள்ளையின் முதுகில்தான் நிற்கும். பிறகு அந்த மணம் இருக்கிறதே, பொலியெஸ்டரில் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்வதால் ஒரு தோய்ப்பில் போகாது. மலிவு என்று வாங்கிப் பிள்ளையை அவிய விடாதீர்கள்.

நூலும் தறியும்:
அண்ணை, நாரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் துணி காற்றை விடுமா விடாதா என்பது நாரில் மட்டும் இல்லை, நெசவிலும் இருக்கிறது. டெனிம் ஜீன்ஸ் பழைய வகையெல்லாம் தனிப் பருத்திதான், அதைப் போட்டுக்கொண்டு மத்தியானம் யாழ் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். அது ட்வில் நெசவு. தறியில் நீளவாட்டில் போகும் பாவு நூல், குறுக்கே போகும் மூன்று ஊடை நூலுக்கு மேலால் போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும், பக்கத்துப் பாவு ஒரு படி தள்ளி இறங்கும், அதனால்தான் துணியில் சாய்வுக் கோடு விழுகிறது. நூல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடம் குறைவு என்பதால் நெருக்கி அடிக்கலாம், தடிப்பு அப்படி வருவது. (பாவுக்கு மட்டும் நீலச் சாயம், ஊடை வெள்ளை, உள்பக்கம் வெளிறித் தெரிவதற்கும் அதுதான் காரணம்.)

பொப்ளின் சாதா நெசவு, ஒன்று மேலே ஒன்று கீழே. ஆனால் பாவு நூல் மெல்லியதாக, மிக நெருக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். நெருக்கமான பொப்ளினைவிடத் தளர்வாக நெய்த மெல்லிய கலப்புத் துணியில் காற்று கூடுதலாகப் போகும். கடையில் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். மாரி காலத்தையும் யோசியுங்கள், இரண்டு சேட் மட்டும் உள்ள பிள்ளைக்கு இரவில் தோய்த்தது விடியக் காயவேண்டும். கொட்டன் காயாது.

வலிகாமத்தான்:
மாரி எத்தனை மாதம் தம்பி? மிச்சக் காலமெல்லாம் வெயில்தானே. காற்றுப் போவது ஒரு பாதி, ஈரத்தை உடம்பிலிருந்து எடுப்பது மறுபாதி, தளர்ந்த கலப்பு முதலாவதைத்தான் செய்யும். தளர்வுதான் வேண்டுமென்றால் கொட்டனிலேயே தளர்வாக நெய்தது கிடைக்கும், வொயில் மாதிரி. இன்னொன்று, நெருப்பு. பருத்தி கடுதாசி மாதிரி எரியும், அதுவும் ஆபத்துத்தான், ஆனால் பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கார்த்திகை விளக்கீட்டுக்குச் சுட்டி கொளுத்தும் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

நூலும் தறியும்:
வொயில் சேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு அனுப்ப முடியாது அண்ணை, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் மறந்துவிட்டீர்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வரும் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, அந்தக் கசடு பருத்தியில் படிந்து படிந்து துணி விறைத்துவிடும்.

தையல்மெசின்:
இரண்டு பேரும் துணியின் விளிம்போடு நிற்கிறீர்கள், நான் தைப்பவள், வெட்டிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன். தங்கச்சி, கொட்டன் என்றால் தைக்கக் கொடுக்க முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். தறியில் பாவை இழுத்துப் பிடித்துத்தான் நெய்வார்கள், தண்ணீர் பட்டதும் அந்த இழுவை விடுபட்டு நீளப்பக்கம் சுருங்கும். நனைக்காமல் தைத்துவிட்டுப் பிறகு கை ஏறிவிட்டது என்று சண்டைக்கு வருகிறார்கள். கலப்பில் இந்தக் கரைச்சல் குறைவு, ஆனால் கழுத்துப் பட்டியிலும் கக்கத்திலும் நார் உரசிப் பொருக்குப் பொருக்காக உருளும். பருத்தியில் உருளுவது தானாக உதிரும், கலப்பில் பொலியெஸ்டர் நார் அறாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் விளிம்பிலிருந்து நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். தனிப் பருத்தி என்றால் கடுதாசி மணத்தோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். கறுப்பு மணி மாதிரி இறுகினால் பொலியெஸ்டர் இருக்கிறது.

கொக்குவில் அம்மா:
நல்லது அக்கா, கொளுத்திப் பார்க்கிறேன். சின்னவளுக்கு வீட்டுச் சட்டைக்கு ரேயோன் காட்டினார்கள், குளிர்மையாக இருந்தது.

தையல்மெசின்:
குளிர்மைதான், பருத்தியைவிட ஈரம் எடுக்கும். ஆனால் நனைந்தால் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும், பருத்தி அதற்கு நேர்மாறு. கல்லில் அடித்துத் தோய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். சாட்டின் மட்டும் வேண்டாம், அதில் நூல் நாலைந்தைத் தாண்டி மேலே மிதந்து கிடக்கும், மினுக்கம் அதனால்தான், கதியால் வேலியில் ஒருமுறை உரசினால் இழை இழையாக இழுபடும்.

வலிகாமத்தான்:
அப்போ சேட்டுக்குக் கொட்டன் என்று முடிவு.

நூலும் தறியும்:
ஒன்று கொட்டன், மாரிக்கு ஒன்று கலப்பு. நான் இதிலிருந்து இறங்கமாட்டேன் அண்ணை.