தலைப்பு தேடி ஊருக்குள் போன நாள்: உளவியல் படித்துச் சமூகப்பணிக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட பதிவுகள்

கடைமடைப் பெண்

இளங்கலையில் உளவியல், இப்போது எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் வருடம். ஆய்வுத் தலைப்பு கொடுக்க இன்னும் பத்து நாள்தான். ‘விவசாயக் கூலிப் பெண்களிடம் மனச்சோர்வு’ என்று எழுதி வைத்திருந்தேன். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தைத் தமிழில் அச்சடித்துக்கொண்டு கோட்டூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒத்திகை பார்க்கப் போனேன்.

முதல் ஆளே ஒரு ஆயா. திண்ணையில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தார். மொத்தம் ஒன்பது கேள்வி, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். “போன ரெண்டு வாரத்துல எந்த வேலையிலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம எத்தனை நாள் இருந்தீங்க ஆயா?” என்று ஆரம்பித்தேன். முடைந்த கை நின்றது. நிமிர்ந்து பார்த்து, “நடவு இருக்குற நாளையா கேக்குற, இல்லாத நாளையா?” என்றார்.

படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. “பொதுவா சொல்லுங்க” என்றேன்.

“பொதுவான்னா என்ன பாப்பா? நடவுன்னா நாலு பேரோட நிப்பேன். பேச்சு இருக்கும், இடுப்பு வலிக்கும், ராத்திரி சோறு எறங்கும். மிஷின் எறங்கிட்டா இப்படித்தான் குந்தியிருப்பேன். இதுல எந்த நாளுக்கு நீ மார்க் போடப் போற?”

நான் ‘பல நாட்கள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாகப் போட்டேன். மூன்று வாரமாக அந்த டிக் தூங்கவிடவில்லை. நான் போனது புரட்டாசி. இதே ஆயாவைப் பங்குனியில், வயல் காய்ந்து கிடக்கும்போது கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். அப்படியானால் நான் அளப்பது அவர் மனதையா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததையா?

நாகைக் கரை

உங்கள் ஆயா மாதிரி எனக்கு ஒரு அக்கா. 2019-ல் நான் எடுத்த தலைப்பு சுனாமியில் பிழைத்தவர்களின் மனநிலை. 2004 டிசம்பர் 26 பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குப்பத்தில் அந்த அக்கா வீட்டுக்குள் போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ரேஷன் கார்டு, பட்டா, அதற்கடியில் ஒப்புதல் படிவங்கள். தனக்கு முன்னால் வந்த ஆய்வாளர்கள் கொடுத்த நகல்களை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, “இதுல யாரு தம்பி திரும்பி வந்தாங்க?” என்று கேட்டார்.

நான் கிளம்ப எழுந்தேன். அவரே உட்காரச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டை மாற்றும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்ததே, அதில் பிறந்தவன் அவருடைய இப்போதைய மகன். “போனவன் பேரையே இவனுக்கும் வச்சேன். கூப்பிட்டா ரெண்டு பேரு திரும்புறாங்க. எல்லாரும் அலை எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு கேட்டாங்க. இதை ஒருத்தரும் கேக்கல.”

என் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை. தலைப்பை மாற்ற கைடு (ஆய்வு வழிகாட்டி) ஒத்துக்கொள்ளவில்லை, நேரம் போய்விட்டது என்றார். பழைய தலைப்பிலேயே முடித்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண். அந்த அக்காவிடம் நானும் திரும்பிப் போகவில்லை.

ஒன்பதாவது கேள்வி

இங்கே யாரும் அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியைப் பற்றிப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறோமே, அது.

கஜா புயல் அடித்ததற்கு அடுத்த வருடம். பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்துபோன ஒருவர். புதுக் கன்று வைத்தாலும் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எட்டுக் கேள்விக்கும் சாதாரணமாகப் பதில் சொன்னவர், ஒன்பதாவதுக்கு “நேத்துகூட” என்றார். சொல்லிவிட்டு, “டீ ஆறுது, குடிம்மா” என்றார்.

என் கையில் அடுத்த தாள் சொந்தத் தகவல் படிவம். வயது, கல்வி, மாத வருமானம். அதைக் கேட்பதா? கைடுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நான் முன்கூட்டி எதுவும் யோசித்திருக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போயிருந்த அவர் மனைவி வரும்வரை மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் மனைவியான அந்த அக்காவிடம் சொன்னேன். மறுநாள் மூவரும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். வழியெல்லாம் “போலீஸ் கேஸ் ஆயிடுமா?” என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். நினைத்ததற்கு எந்தக் கேஸும் கிடையாது, முயன்றவரைக்கூடத் தண்டிக்க வேண்டியவராகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு பார்க்கிறது என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

இப்போது அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. எண்ணைத் தாளில் அடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. யார் கூட வருவார்கள் என்பது முடிவாகாமல் அந்தக் கேள்வியோடு யார் வீட்டுப் படியும் ஏறாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

குடந்தை மாமா

முதல் பதிவிட்ட தங்கச்சிக்கு. அளக்கிற கருவியைக் குறை சொல்வது சரியில்லை. மனச்சோர்வு என்று சொல்லவே அறிகுறிகள் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்பதால்தான் ‘போன இரண்டு வாரம்’ என்று கேட்கிறது. மொத்தம் 27 மதிப்பெண், பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். சலித்துப் பார்க்கிற வேலை அது, நோயைத் தீர்மானிக்கிற வேலை இல்லை. நானும் இப்படித்தான் ஒருமுறை மகளிர் குழுவில் ஒரு அளவுகோலைக் கொடுத்து, எல்லோரும் பக்கத்தில் உள்ளவரைப் பார்த்து ஒரே மாதிரி நிரப்பிக் கொடுத்து, தூக்கிப் போட்டேன். அதை விடுங்கள்.

சொல்ல வந்தது வேறு. உளவியலில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, ஆளுக்குள்ளேயே பிரச்சினையைத் தேடுவது. சமூகப்பணியில் ஆளையும் அவரைச் சுற்றி இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழுக் கடனில் வாரத் தவணை கட்ட முடியாதவருக்குப் பதற்றம் எவ்வளவு என்று அளப்பது உளவியல். தவணை நாளன்று அந்த வீட்டு வாசலில் யார் வந்து நிற்கிறார்கள், குழுவில் மற்ற பெண்கள் அவரிடம் என்ன பேசுகிறார்கள், பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. தலைப்பு வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போகாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். வராந்தாவில் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்காருங்கள். பராமரிப்பு உதவித்தொகைக்காக, நடக்க முடியாத இருபது வயது மகனைத் தூக்கிக்கொண்டு எத்தனையாவது தடவையாக ஒரு அம்மா வந்திருக்கிறார் என்று கேளுங்கள். அதில் ஒரு தலைப்பு இருக்கிறது. அப்புறம் ‘விழிப்புணர்வு பற்றிய ஆய்வு’ என்று மட்டும் போகாதீர்கள். நூறு பேரில் அறுபது பேருக்குத் தெரியவில்லை என்று முடித்துவிட்டு யாருக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? உங்களுக்கு இருப்பது ஆறு மாதம். பஸ்ஸில் போய் வரக்கூடிய ஊராக, மறுபடியும் அழைக்கிற வீடாக எடுங்கள். ஃபீல்டு ஒர்க் பதிவேட்டை எடுத்துப் படியுங்கள். நீங்களே மூன்று இடத்தில் எழுதி மறந்துபோன ஒரு விஷயம் இருக்கும். அதுதான் தலைப்பு.

குணசீலத்தில் இருந்தவள்

குடந்தை மாமா சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் சுற்றியிருப்பதைப் பார்க்கிறேன் என்று கிளம்பி ஆளையே தொலைத்தவள் நான். ‘மூடநம்பிக்கையும் மனநோயும்’ என்ற தலைப்போடு, மனநோய் உள்ளவர்களைக் கூட்டி வருகிற குணசீலம் கோயிலுக்குப் போனேன். குடும்பங்கள் அங்கே 48 நாள் தங்கும், தெரிந்ததுதான். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் மாண்டதைப் படித்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று கோபத்தோடு போனேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டி வந்த ஓர் அம்மா. உச்சிக்காலப் பூஜை முடிந்து மகளின் முகத்தில் தீர்த்தம் தெளித்தாயிற்று. ஈர முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, துளசி வைத்திருந்த அதே மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, மீதித் தீர்த்தத்திலேயே விழுங்க வைத்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் எழுதி வைத்திருந்த கேள்வி, ‘மருத்துவத்தை விட்டுக் கோயிலுக்கு வந்தது ஏன்?’ அவர் எதையும் விட்டு வரவில்லை. “டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம்மா. இங்க இவள மாதிரி புள்ளைய வச்சிருக்குறவங்களோட நாப்பத்தெட்டு நாள்” என்றார்.

தலைப்பை அன்று இரவே கிழித்தேன். பராமரிக்கிற தாய்மார்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று மாற்றி எழுதினேன். கைடு இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை கையெழுத்துப் போட்டார்.

கடைமடைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. மாமா, கருவியைக் குறை சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் நிரப்பினேன், அது என் தவறு.

ஒன்பதாவது கேள்வி எழுதிய அக்காவைப் படித்துவிட்டு முதலில் மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரைப் பார்த்துப் பேசினேன். கூப்பிட்டால் வருகிறேன் என்றார். அப்புறம் நேற்று ஆயா வீட்டுக்குப் போனேன். டிக் போட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கா பஸ் ஏறி வந்த?” என்றார். படிவத்தை எடுக்கவில்லை. தை அறுப்பிலிருந்து மறு தை வரைக்கும் ஒரு வருடத்தை மாதம் மாதமாகச் சொல்லச் சொன்னேன். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் அவர் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவது தள்ளித்தான். அதுவரை என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், நேரடி விதைப்பு வந்த பிறகு எத்தனை நாள் வேலை போயிற்று, எல்லாம் தேதி தவறாமல் சொன்னார். சித்திரையை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டார். அந்த மாதத்தை நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவரே, “சித்திரைய அடுத்த வாரம் சொல்றேன், வா” என்றார்.

தலைப்பு இன்னும் எழுதவில்லை. திங்கட்கிழமை கடைசி நாள். ஆயாவைப் பார்க்கப் போவது வியாழக்கிழமை.